ஒளி தராத விளக்கு



நம் அடுக்களைகளில் எரியும் சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உருளையிலிருந்து கசியும்போது மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம், எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளை மிகச் சிறிதளவில் வேண்டுமென்றே கலப்பதால் உண்டாவது. கண்ணுக்குப் புலப்படாத ஆபத்தை மூக்குக்காவது புலப்படுத்துவோம் என்னும் முன்யோசனை அது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மூக்கு எப்போதும் நம்பத்தக்க காவலாளி அன்று. சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும், முதுமையில் மங்கும், ஒரே நாற்றத்தில் நெடுநேரம் இருந்தால் பழகிப்போய் வாளாவிருந்துவிடும், நாம் உறங்கும்போது அதுவும் ஏறக்குறைய உறங்கிவிடும்.

உறங்காத மூக்கு ஒன்று வேண்டும் என்று மனிதன் எண்ணியது இயல்பே. அத்தகைய மூக்கு இன்று உண்டு. சுவரில் மாட்டும் சிறிய பெட்டிக்குள் அது இருக்கிறது. அந்தப் பெட்டியின் புதுவகைகள் சிலவற்றைத் திறந்து உருப்பெருக்கியால் நோக்கினால் வியப்பான ஒன்றைக் காண்போம். மணற்பரல் அளவே உள்ள ஒரு மேடை 300, 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காய்ந்துகொண்டிருக்கும். தோசைக்கல்லை விடவும் கூடிய சூடு அது. அதிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி, அதே சில்லின் விளிம்பிலோ அறையின் வெப்பம்தான் இருக்கும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இதற்கு எவ்வளவு பொருத்தம்!

இவ்வளவு சூடு எதற்கு? அதை இவ்வளவு சிறிய இடத்தில் அடக்குவது எப்படி? அடக்கியதை ஆண்டுக் கணக்கில் கெடாமல் காப்பது எப்படி? இத்திங்கள் இவற்றைச் சிந்திப்போம். இந்தக் கதை அடுக்களையில் தொடங்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் தொடங்குகிறது.

சுரங்கத்தில் பிறந்த கேள்வி

1812-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், வடகிழக்கு இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. மாண்டவர்கள் 92 பேர். அவர்களுள் சிறுவர்களும் பலர். நிலக்கரியின் இடுக்குகளிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருந்தால், ஒரு சுடர் போதும், வெடித்துவிடும். அன்று சுரங்கத் தொழிலாளிக்குச் சுடரைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. உயிரைக் காக்க வேண்டிய விளக்கே உயிரைக் குடித்தது.

மாண்டவர்களை அடக்கம் செய்தவர் அப்பகுதியின் ஆங்கிலிக்கன் பங்குக்குருவான ஜான் ஹாட்ஜ்சன். அடக்கத்தோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. மாண்டவர்களின் பெயர்களையும் வயதுகளையும் பட்டியலிட்டு, விபத்தின் வரலாற்றை எழுதி அச்சிட்டார். இத்தகைய விபத்துகளைத் தடுக்க வழி காண்பதற்காக 1813-இல் சண்டர்லாந்து நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அச்சங்கத்தைச் சேர்ந்த இன்னொரு குருவான ராபர்ட் கிரே, புகழ் பெற்ற வேதியியல் அறிஞர் சர் ஹம்ஃப்ரி டேவியை 1815-இல் அணுகி உதவி வேண்டினார்.

அவ்வாண்டு முடிவதற்குள் டேவி விடை கண்டார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலையைப் போர்த்தினார். சுடரின் வெப்பத்தைக் கம்பி ஈர்த்துப் பரப்பிவிடுவதால், வலைக்கு வெளியே உள்ள வாயு தீப்பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை. 1816 ஜனவரி 9-ஆம் நாள் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அவ்விளக்கு சோதிக்கப்பட்டது. சோதித்தவர்களுள் ஹாட்ஜ்சனும் ஒருவர்.

அந்த விளக்கு வெளிச்சம் தந்ததோடு நிற்கவில்லை. மீத்தேன் கலந்த காற்று உள்ளே புகுந்தால் அதன் சுடர் உயர்ந்து நீலப் போர்வை போர்த்துக்கொள்ளும். அதைக் கண்டு தொழிலாளி வெளியேறலாம். ஆக, அது ஒரு வாயு உணர்கருவியும் ஆயிற்று. வெப்பம் ஓரிடத்தில் இருக்க வேண்டும், அந்த இடத்தை விட்டு அது தாண்டக் கூடாது என்பதே டேவி கண்ட வழியின் சாரம். இன்றைய சின்னஞ்சிறு மேடையின் சாரமும் அதுவே.

டேவியின் இரண்டாவது கண்டுபிடிப்பு அத்துணைப் புகழ் பெறவில்லை. ஆனால் நம் கதைக்கு அதுவே வேர். மெல்லிய பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கி, எரியும் வாயுவும் காற்றும் கலந்த கலவையில் நீட்டினால், சுடர் ஏதும் இல்லாமலே அக்கம்பி தொடர்ந்து செந்தணலாய் ஒளிர்வதை 1817-இல் அவர் வெளியிட்டார். கம்பியின் பரப்பிலேயே வாயு எரிகிறது, கம்பியோ தேய்வதில்லை. இவ்வாறு தான் மாறாமல் பிறவற்றின் மாற்றத்தைத் தூண்டும் பொருளை வினையூக்கி என்கிறோம்.

சூடு எதற்கு?

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தச் செந்தணல் கம்பி மீண்டும் சுரங்கத்துக்குள் சென்றது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆலன் பேக்கர் என்பவர் பிளாட்டினக் கம்பிச் சுருளை அலுமினா மணி ஒன்றுக்குள் பதித்து, மணியின்மேல் வினையூக்கியைப் பூசினார். சுமார் 500 பாகையில் காயும் அம்மணியின்மேல் மீத்தேன் பட்டால் அங்கேயே எரிந்து மணியை இன்னும் சூடாக்கும். சூடு கூடக் கூடக் கம்பியின் மின்தடை கூடும். அதை அளந்தால் காற்றில் உள்ள வாயுவின் அளவு தெரியும்.

அதே 1962-ஆம் ஆண்டளவில் ஜப்பானில் வேறொரு வழி பிறந்தது. வீடுகளில் நேர்ந்த வாயு வெடிப்புகளைத் தடுக்க எண்ணிய நவோயோஷி தகுச்சி என்பவர் வெள்ளீய ஆக்சைடைக் கொண்டு ஓர் உணர்கருவி அமைத்தார். கியூஷு பல்கலைக்கழகத்தில் செய்யாமா என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் துத்தநாக ஆக்சைடைக் கொண்டு அவ்வாண்டிலேயே இத்தகைய ஆய்வை வெளியிட்டனர். வெள்ளீய ஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதன் நுண்துகள்களின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து அமர்ந்து மின்னணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடுவது கடினமாகும். எரியும் வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு கலந்து அதை அகற்றிவிடும், பிடிபட்ட மின்னணுக்கள் விடுதலை பெறும், மின்தடை சட்டென விழும், மணி ஒலிக்கும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் சூடு இன்றியமையாதது. அறை வெப்பத்தில் இவ்வினைகள் நத்தை வேகத்தில் நடக்கும். காற்றின் ஈரமும் துகள்மேல் படிந்து வழியை அடைத்துக்கொள்ளும். வெள்ளீய ஆக்சைடுக்கு வழக்கமாக 200 முதல் 400 பாகை வேண்டும். மீத்தேன் எளிதில் உடையாத மூலக்கூறு ஆதலால் அதை எரிக்கும் மணிகளுக்கு இன்னும் மிகுதியாக வேண்டும்.

இங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. பழைய வகை உணர்கருவியைச் சூடாக வைத்திருக்க முக்கால் வாட்டுக்கும் மேலான மின்திறன் ஓயாமல் செலவாகும். கைவிளக்கில் போடும் சிறிய மின்கலங்கள் நான்கை இட்டால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். ஆகவே சுவரிலுள்ள மின்சாரத்தையே நம்ப வேண்டும். மின்சாரம் நின்றால் காவலும் நின்றது! சூட்டையும் விட முடியாது, மின்சாரத்துக்கும் வழியில்லை. என்ன செய்வது? சூடாக்கும் பொருளையே சிறிதாக்கிவிடுவது என்பதே விடை.

உறியும் முரசும்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் தரநிலை, தொழில்நுட்பத் தேசிய நிறுவனத்தார் சாதாரண மின்னணுச் சில்லுகள் செய்யும் முறையிலேயே நுண்வெப்ப மேடைகளைச் செய்து காட்டினர். வேறு நாடுகளிலும் பலர் இத்துறையில் உழைத்தனர். அமைப்பு கேட்பதற்கு எளியதே. சிலிக்கான் தகட்டின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலத்தை வளர்க்க வேண்டும். அதன்மேல் பிளாட்டினத்தால் வளைந்து வளைந்து செல்லும் கோடு ஒன்றை வரைய வேண்டும், அதுவே அடுப்பு. பிறகு அடியிலுள்ள சிலிக்கானை அரித்து எடுத்துவிட வேண்டும்.

அடியை ஏன் அரிக்க வேண்டும்? சிலிக்கான் வெப்பத்தை எளிதில் கடத்தும். கண்ணாடி அதில் நூற்றில் ஒரு பங்கே கடத்தும். அசையாக் காற்றோ அதனினும் மிகக் குறைவாகக் கடத்தும். சிலிக்கான் அடியில் இருந்தால் ஊட்டிய சூடெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகிவிடும். அதை அகற்றினால் மேடை காற்றில் மிதக்கும். வெப்பம் தப்பிச் செல்ல ஒரு மைக்ரோமீட்டர் அளவே தடித்த படலத்தைத் தவிர வேறு திட வழி இல்லை. நம் தலைமயிர் அப்படலத்தைப் போல எழுபது மடங்கு தடித்தது என்றால் அதன் மென்மையை எண்ணிப் பாருங்கள்.

இவ்வமைப்பில் இரு வகை உண்டு. ஒன்று, நம் பாட்டிமார் தயிர்ப்பானையைத் தொங்கவிட்ட உறியைப் போன்றது. நான்கு மெல்லிய கரங்கள் நடுவிலுள்ள மேடையை ஏந்தி நிற்கும். மற்றது, முரசின் தோலைப் போல நாற்புறமும் இழுத்துக் கட்டிய முழுப் படலம். உறி சூட்டைச் சிறப்பாகக் காக்கும். ஆனால் வலிமை குறைவு. முரசுத் தோல் உறுதியானது. ஆனால் சூட்டைச் சற்றுக் கசியவிடும்.

பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இத்தகைய மேடை ஒன்றுக்கு 20 மில்லிவாட் போதும் என்று கொள்வோம். அது மிகச் சிறியது ஆதலால் நொடியில் நூறில் சில பங்கு நேரத்திலேயே முழுச் சூட்டை அடைந்துவிடும். எனவே எந்நேரமும் எரிய வேண்டியதில்லை. பத்து நொடிக்கு ஒரு முறை, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூடேற்றினால் சராசரிச் செலவு 0.2 மில்லிவாட்டே. முன்பு ஒரு நாளில் தீர்ந்த மின்கலங்கள் இப்போது ஆண்டுக் கணக்கில் உழைக்கும். மின்சாரம் நின்ற இரவிலும் காவல் நிற்காது.

சூட்டைத் தாங்குவது எளிதன்று

ஆனால் மின்கலத்தின் சுமை இறங்கியபோது மேடையின் தலையில் வேறு சுமை ஏறியது. பத்து நொடிக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 8,640 முறை. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடி முறைக்கும் மேல். அத்தனை முறையும் அறை வெப்பத்திலிருந்து முந்நூறு, நானூறு பாகைக்கு ஏறி இறங்க வேண்டும். எந்த இரும்பு அடுப்பு இதைத் தாங்கும்?

முதல் துன்பம் விரிதல். சூட்டில் பிளாட்டினம் மிகுதியாக விரியும். அடியிலுள்ள படலம் குறைவாக விரியும். இணைந்திருக்கும் இருவர் வெவ்வேறு திசையில் இழுத்தால் என்ன நேரும்? படலம் நெளியும், வெடிக்கும், அல்லது உரியும். இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. சிலிக்கான் நைட்ரைடுப் படலம் இயல்பில் இறுகி இழுக்கும். சிலிக்கான் டை ஆக்சைடுப் படலம் தளர்ந்து பிதுங்கும். இரண்டையும் தக்க அளவில் அடுக்கினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். முரசு கட்டுவோர் அறிவர்: தோல் மிக இறுகினால் கிழியும், மிகத் தளர்ந்தால் ஓசை எழாது.

இரண்டாவது துன்பம் பிளாட்டினத்திலேயே எழுவது. கட்டிப் பிளாட்டினம் 1,768 பாகையில்தான் உருகும். ஆனால் மெல்லிய படலமாக இருக்கையில் அதற்கு வெகு கீழேயே, 600 பாகையை ஒட்டி, அதன் அணுக்கள் இடம் பெயரத் தொடங்கும். சேம்பிலைமேல் நீர் திரள்வதைப் போலப் படலம் ஆங்காங்கே திரண்டு நடுவே துளைகள் விழும். மேலும் பிளாட்டினம் கண்ணாடிமேல் தானே ஒட்டாது. இடையில் டைட்டானியத்தைப் பசைபோல் பூசுவர். சூட்டில் அந்தப் பசையே பிளாட்டினத்துக்குள் ஊடுருவி அதைக் கெடுத்துவிடும். ஆதலால் டான்டலம் போன்ற, சூட்டில் அவ்வளவாக இடம் பெயராத உலோகங்களைப் பலர் நாடினர். வேறு சிலர் பிளாட்டினத்தை விட்டு 3,400 பாகைக்கு மேல் உருகும் டங்ஸ்டனை எடுத்தனர். ஆனால் காற்றுப் பட்டால் அது சூட்டில் ஆக்சைடாகிவிடும் ஆதலால் படலத்துக்குள் புதைத்தே வைக்க வேண்டும். மீத்தேனுக்கு வேண்டிய கடுஞ்சூட்டுக்காக அலுமினா, சிர்க்கோனியா முதலிய பீங்கான் படலங்களையும் சிலிக்கான் கார்பைடையும் ஆய்ந்தோர் உண்டு.

மூன்றாவது துன்பம் சூடு சமமாகப் பரவாமை. விளிம்பு குளிரும், நடு கொதிக்கும். ஆகவே அடுப்புக் கோட்டை நடுவில் அகலமாக இடைவெளி விட்டும் விளிம்பில் நெருக்கியும் வரைவர். கோடு வளையும் இடத்தில் கூர்முனை வைப்பதில்லை. கூர்முனையில் மின்னோட்டம் நெருக்கியடித்துச் சென்று அவ்விடத்தை முதலில் தேய்த்துவிடும். வண்டிப்பாதையின் வளைவிலே சக்கரம் முதலில் குழி தோண்டுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா?

ஓசையின்றிப் பொய்க்கும் காவல்

மேடை உடைந்துபோனால்கூட அது பெரிய கேடு அன்று. கோடு அறுந்தால் கருவிக்கு உடனே தெரியும். பழுது என்று விளக்குக் காட்டும்படி செய்யலாம். பெரிய கேடு எது தெரியுமா? உடையாமலே சிறிது சிறிதாக மாறிப்போவது.

மேடையின் வெப்பத்தைக் கருவி எவ்வாறு அறிகிறது? அதே பிளாட்டினக் கோட்டின் மின்தடையை அளந்துதான். தூய பிளாட்டினக் கம்பி ஒன்றுக்கு 0 பாகையில் 100 ஓம் தடை என்றால் 300 பாகையில் 212 ஓம். ஆக, அடுப்பும் அதுவே, அளவுகோலும் அதுவே. சூட்டினால் அக்கோடு முதுமை அடைந்து, வெப்பம் கூடாமலே 10 ஓம் தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கருவி அதை ஏறத்தாழ 28 பாகைக் கூடுதல் வெப்பம் என்று தவறாக எண்ணி மின்சாரத்தைக் குறைத்துவிடும். மேடை உண்மையில் குளிர்ந்திருக்கும், உணர்வு மங்கியிருக்கும். பச்சை விளக்கு மட்டும் எல்லாம் நலம் என்று எரிந்துகொண்டே இருக்கும். உறங்கும் காவலாளி திருடனைவிடக் கொடியவன்; ஏனெனில் அவனை நம்பி நாம் கதவைத் தாழிடாமல் விட்டிருப்போம்.

இதனால்தான் வெப்பத்தைத் தாங்கும் தன்மையை வெறும் உழைப்புத்திறன் என்று நான் கொள்ளவில்லை; அதைக் கருவியின் வாய்மை என்று சொல்வேன். நல்ல வடிவமைப்பாளர் மேடையை விற்பனைக்கு அனுப்புமுன், அது பின்னாளில் காண இருக்கும் சூட்டைவிடக் கூடுதலான சூட்டில் வைத்துப் பதப்படுத்துகிறார். மாற வேண்டியவை எல்லாம் அங்கேயே மாறி முடியட்டும் என்பது கருத்து. சோதனையைக் கண்டு தேறியதே வீட்டைக் காக்கத் தகுதி பெறுகிறது.

வரலாறும் இதையே எச்சரிக்கிறது. டேவியின் விளக்கு வந்தபின் சுரங்கச் சாவுகள் குறைந்திருக்கும் என்று எண்ணுவோம். ஆனால் 1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தபோது, டர்ஹாம், நார்த்தம்பர்லாந்து மாவட்டங்களில் விளக்குக்கு முந்தைய 18 ஆண்டுகளில் 447 பேரும், பிந்தைய 18 ஆண்டுகளில் 538 பேரும் மாண்டிருந்தனர். காரணம் என்ன? காவல் இருக்கிறது என்ற துணிவில் முன்பு அஞ்சி விட்டுவைத்த ஆபத்தான இடங்களையும் தோண்டினர். வலை துருவேறியதையும் வளைந்ததையும் சோதிக்கவில்லை. பலத்த காற்றோட்டத்தில் சுடர் வலையைக் கடக்கும் என்பதையும் போதிய அளவில் மதிக்கவில்லை. விளக்கின்மேல் வைத்த நம்பிக்கை, விளக்கைக் கவனிக்கும் கடமையை விழுங்கிவிட்டது.

நம் இல்லத்துக்குச் சில சொற்கள்

வாயு உணர்கருவி வாங்க எண்ணும் குடும்பத்தார் சிலவற்றை நினைவில் கொள்வது நன்று. உருளையில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். எனவே கருவியைத் தாழ்வாகப் பொருத்த வேண்டும். சில நகரங்களில் குழாய்வழி வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன், அது காற்றைவிட இலேசானது, மேலே எழும். அதற்குக் கூரையை ஒட்டிப் பொருத்த வேண்டும். இடம் மாறினால் கருவி இருந்தும் பயனில்லை.

கருவிக்கும் ஆயுள் உண்டு. பெட்டியின்மேல் பொறித்துள்ள காலம் முடிந்தால், விளக்கு எரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அதனருகே தெளிப்பான்களை, குறிப்பாகச் சிலிக்கோன் கலந்த மெருகெண்ணெய்களைத் தெளிக்காதீர்கள். அந்த ஆவி வினையூக்கியின்மேல் படிந்து அதைக் குருடாக்கிவிடும். வாயு நாற்றம் வந்தாலோ, மணி ஒலித்தாலோ, மின்விளக்கின் பொத்தானைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. அடுப்பையும் உருளையின் வால்வையும் மூடிவிட்டு, கதவுகளையும் சன்னல்களையும் திறந்து, எல்லாரும் வெளியே செல்லுங்கள். உதவிக்கு அழைப்பதையும் வெளியிலிருந்தே செய்யுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கருவி வந்துவிட்டது என்பதற்காக இரவில் உருளையை மூடும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இரப்பர்க் குழாயைப் பார்த்து மாற்றும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

ஃபெல்லிங்கில் தம் மக்களை மண்ணுக்கு ஒப்படைத்த அந்தக் குருவின் கையில் அன்று இருந்தது பெயர்ப்பட்டியல் ஒன்றே. அந்தப் பட்டியலிலிருந்து பிறந்த கேள்வி, இருநூறு ஆண்டுகளாகப் பலர் கை மாறி, இன்று நம் சுவரில் ஒளி தராத சிறு விளக்காய்க் காய்ந்துகொண்டிருக்கிறது. பத்து நொடிக்கு ஒரு முறை அது நமக்காக விழித்துக்கொள்கிறது. நாளுக்கு ஒரு முறையேனும், படுக்கப் போகுமுன், நாமும் எழுந்து சென்று உருளையைப் பார்த்துவிட்டு வருவோமா?